லிப்ட் மெக்கானிக்கின் கடல்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயுமே போய்வந்த மனுஷனுக்குப் பக்கவாட்டில் போக ஆசை. அதற்காகத்தான் கம்ப்யூட்டரில் அந்தப் படகு விளையாட்டு. அதில் புதையல் உண்டு, சண்டை உண்டு, துரத்திக்கொண்டு வரும் கொள்ளைக்காரர்கள்கூட உண்டு. இவர் ஒன்றையும் சீண்டமாட்டார். படகு போகிற போக்கில் போகட்டும் என்று விட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்து, பாதிக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

"காத்து திரும்புதும்மா" என்பார் திடீரென்று. எங்கள் வீட்டு ஜன்னல் திரை அசைந்தே இருக்காது.

அந்தக் கடலும் லேசில் ஓடாது. கம்பெனியே மூடி ஒட்டி விற்ற கம்ப்யூட்டர் பெட்டி அது. படம் காட்டுவதற்கென்று தனியாக ஒரு கார்டுகூட உள்ளே கிடையாது. அலை எழும்பும், பாதியில் நிற்கும், விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும், அப்புறம்தான் விழும். எனக்கானால் பற்றிக்கொண்டு வரும். இவர் மட்டும் அலைக்கும் நேரம் வேண்டாமா என்பதுபோல் பொறுமையாகக் காத்திருப்பார்.

மழை தொடங்கிய சமயத்தில் இவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஸ்க்ரூ டிரைவர் ஸ்க்ரூவின் தலையில் நிற்காமல் வழுக்குகிறதாம். ஒருநாள் நட்டு ஒன்று விரலிலிருந்து நழுவி, லிப்ட் போகும் குழிக்குள் விழுந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவர்தான் ஆடிப்போனார். "கை போச்சும்மா" என்று சொல்லி, தானாகவே கேட்டு, போனில் புகார் வாங்கும் மேஜைக்கு மாறிக்கொண்டார். தோளின் வளைவுக்கே பழகிப்போன கருவிப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதைத் தன் கூட்டாளி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அந்தப் பை போனால் இவரில் பாதி அதோடு போய்விடும், மீதிதான் மேஜையில் உட்கார்ந்திருக்கும்.

நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். அடுத்தவர் மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்டு, "இப்போ தெளிவா தெரியுதா, முன்னாடி தெளிவா தெரிஞ்சுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் பிழைப்பு. கட்டினவரிடம் மட்டும் அது செல்லவில்லை.

"உனக்குத் தலைவலி வந்தாலும் கண்ணாடி, தடுமன் வந்தாலும் கண்ணாடி. தெருக்கோடில வர்ற பஸ் நம்பரை இங்கேருந்தே படிக்கிறேன். எனக்கா?"

தூரத்துப் பார்வை வேறு, கிட்டத்துப் பார்வை வேறு என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாயிற்று. இவர் பேப்பரை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறார் என்று பார்த்தே பவரைக் கணித்து, ஒரு கண்ணாடியும் செய்து வைத்தேன். அது அலமாரியில் துணிகளுக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் இவர் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றும், அதற்குக் கரண்ட் தீனி போடப் பெரிய பவர் சப்ளையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நானே மாட்றேன். யாரும் கிட்ட வரக் கூடாது. ஒழுங்கா மாட்டிட்டேன்னா பை ஆணியிலேயே இருக்கட்டும். சொதப்பினேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டாளி வந்து எடுத்துக்கட்டும்" என்றார்.

நல்ல பந்தயம் போங்கள்! நான் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

வெளியே தூறல். அறையில் சாம்பல் நிற வெளிச்சம். பெட்டியைப் படுக்க வைத்து மூடியைக் கழற்றினார். பழைய பவர் சப்ளை கொத்துக் கொத்தாக ஒயரோடு வெளியே வந்தது. கம்பெனிக்காரன் தன் பெட்டிக்கென்று தனியாக ஒரு பிளக் வைத்திருந்தான், புதியது அதில் சேராது. அதற்காகக் கடைக்காரர் கொடுத்திருந்த குட்டி ஒயரை நடுவில் கோத்தார். இவர் உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு விரலாலேயே தேடினார். இருட்டுக் குழிக்குள் இத்தனை காலம் வேலை செய்த விரல்கள் அவை. எது எங்கே என்று தடவி, நிதானித்து, அழுத்தின. கார்டு 'கிளிக்' என்று உட்கார்ந்தது.

"கேட்டியா? லிப்ட் கதவு பூட்டிக்கிற சத்தம்" என்றார். இவர் முகம் எங்கோ தூரத்தில் இருந்தது.

மூடியைப் போட்டு, மேஜைக்குக் கொண்டுபோய், பின்பக்கத்தை உற்று உற்றுப் பார்த்து ஒயர்களைச் சொருகினார். பட்டனைத் தட்டியதும் உயிர் வந்தது. கடல் வந்தது. இவருக்கு வாயெல்லாம் பல்.

"தண்ணியப் பாத்தியா! தண்ணியப் பாரேன்!"

மாடியிலிருந்து இறங்கி வந்த என் நாத்தனார், "அய்யோ அண்ணா, மேலேயே தெறிக்குது!" என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

நானும் பார்த்தேன். அலை எழும்பியது, நின்றது, யோசித்தது, விழுந்தது. எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. பழைய லென்ஸையே புது பிரேமில் போட்டுக்கொண்டு, "ஆகா, பளிச்னு இருக்கு" என்று சொல்லும் ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆனாலும், சும்மா இருக்கத் தெரியாத என் வாய் அன்றைக்குச் சும்மா இருந்தது. பை ஆணியில் இருந்ததே, அது போதாதா?

வாரத்தின் நடுவில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர் கண்ணாடிக்கு மூக்குத் தாங்கி மாற்ற எங்கள் கடைக்கு வந்தார். விடுவேனா?

"நல்ல கார்டு குடுத்தீங்க! அலை இன்னும் நொண்டிக்கிட்டுதான் வருது."

அவர் சிரித்தார். "மானிட்டர் ஒயரைப் பழைய ஓட்டையிலேயே சொருகியிருப்பாங்க அக்கா. புது கார்டுக்குன்னு கீழே தனி ஓட்டை இருக்கு. அங்கே சொருகலேன்னா கார்டு உள்ளே சும்மாதான் கிடக்கும். நிறைய பேர் பண்றதுதான்."

வீட்டுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். புது கார்டின் ஓட்டைகளில், கடையில் போட்ட குட்டி பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படாமல் இருந்தது. அதற்கு மேலே, பழைய ஓட்டையில் ஒயர்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் பை போய்விடும். சொல்லாவிட்டால், ஆசை ஆசையாக மாட்டிய கார்டு இருட்டில் வேலையில்லாமல் கிடக்கும், இவர் இல்லாத கடலைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருப்பார். மனசு ஆறவில்லை. மூடியைப் பிடுங்கி, ஒயரை மாற்றிச் சொருகிவிட்டேன். வருவது வரட்டும்.

சாயங்காலம் வந்து வழக்கம்போல் உட்கார்ந்தார். கடல் வந்தது. நான் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தண்ணீருக்கு ஆழம் வந்திருந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்கள் தெரிந்தன. மேகத்தின் நிழல் தண்ணீர் மேல் மெல்ல ஊர்ந்து, படகைத் தொட்டு, இவர் முகத்தையும் தடவிக்கொண்டு போனது. அலை நிற்கவில்லை, யோசிக்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. கரை தெரியாத இடத்துக்கு அந்த அறையே மிதந்து போவதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது.

அப்புறம் இவர் எழுந்து பெட்டியின் பின்னால் கையை விட்டுத் தடவினார்.

"நீயா மாத்தினே?"

"ஆமா."

"அப்போ நான் இத்தனை நாளா பாத்தது?"

"பழசுதான்."

இவர் ஆணியிலிருந்து பையை எடுத்து வாசலருகே வைத்தார். "கை மட்டும் இல்லம்மா, தலையும் சேர்ந்து போச்சு" என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. தாங்காவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

"எந்தக் கை போச்சு? பவர் சப்ளை சரி, அந்தக் குட்டி ஒயர் சரி, கார்டு சரி. தடவிப் பாத்து மாட்டினது ஒண்ணுகூடத் தப்பில்லை. கண்ணால பாத்துச் சொருகினீங்க பாருங்க, அது ஒண்ணுதான் தப்பு. கை அப்படியேதான் இருக்கு. கண்ணுதான் கிட்டத்துல தெரியல. கண்ணுக்கு நான் இருக்கேன்ல!"

அலமாரியைக் குடைந்து கண்ணாடியை எடுத்து இவர் மூக்கில் மாட்டினேன். இவர் கடலைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்து, ரொம்ப நாளைக்குப் பிறகு ஊரிலிருந்து வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஊரார் கண்ணாடியெல்லாம் முடுக்கிவிடும் எனக்கு என் கண்ணாடியை முடுக்க நேரம் கிடைத்ததில்லை. ஒரு பக்கத்துக் காதுக் கம்பி ஆடிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றி, கைப்பையில் கிடந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரோடு நீட்டினேன். எள்ளைவிடச் சின்ன ஸ்க்ரூ அது.

"முடுக்குங்க பாப்போம்."

முனை ஸ்க்ரூவின் தலையில் போய் உட்கார்ந்தது. வழுக்கவில்லை. இவர் மெதுவாகத் திருகினார், கம்பியை ஆட்டிப் பார்த்தார், இன்னொரு கால் திருகு திருகினார். எழுந்து போய்ப் பையை ஆணியில் மாட்டினார். கூட்டாளிக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம். பை இப்போதைக்கு இல்லை" என்றார்.

பிறகு என் கண்ணாடியை என் முகத்தில் தானே மாட்டிவிட்டு, கடல் பக்கம் என்னைத் திருப்பி, என் கடைக் குரலிலேயே கேட்டார்: "இப்போ தெளிவா தெரியுதா, முன்னாடி தெளிவா தெரிஞ்சுதா?"

எனக்குக் கண் முட்டத் தண்ணீர்.

"ஒண்ணுமே தெரியலைங்க" என்றேன்.