ஒப்புட்டுத் தட்டை எடுத்தது நான்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை தூக்கினேன். பிறகு சொந்தமாக ஹாலோபிளாக் கம்பெனி போட்டேன், லாரி வாங்கினேன், மாடி வீடு கட்டினேன். நான் உருப்படமாட்டேன் என்று சொன்னவர்களின் வீட்டுச் சுவரிலும் இன்று என் கல்தான் இருக்கிறது.

அப்படிப்பட்டவன் வீட்டில், வெள்ளகோவிலிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், காலேஜ் முடித்த என் மகள் வெறும் வெள்ளரிக்காயைத் தின்று கிடந்தாள். இளைத்துக் காட்ட வேண்டுமாம். அவள் அம்மாவின் உத்தரவு. வந்தவர்களுக்கு மட்டும் தட்டு நிறைய, பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய நெய் ஒப்புட்டு.

மாப்பிள்ளையின் அம்மா மூன்றாவது ஒப்புட்டை மென்றுகொண்டே என் மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு கொஞ்சம் தாட்டியமா இருக்குதுங்க. கல்யாணத்துக்குள்ள கொறைச்சுப்போட்டா நல்லாருக்குமுங்க."

கல் கனமாக இருக்கிறது, இளைக்க வையுங்கள் என்று எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். விருந்தாளி முன் வைத்த பலகாரத்தைத் திரும்ப எடுப்பது எங்கள் பக்கம் மகா பாவம். நான் எடுத்தேன்.

"ஏனுங்க, உங்களுக்கு இது போதுமுங்க. நீங்களும் கொறைக்கோணுமில்லீங்களா? கண்ணு, நீ தின்னு."

தட்டை மகள் முன் வைத்தேன். அத்தனை பேர் பார்க்க, அவள் நிதானமாகத் தின்றாள். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. அதன்பிறகு அவள் வேளைக்குச் சாப்பிடுகிறாள்.

உறவுக்காரர்கள் இப்போது, "பொண்ணுக்கு என்ன தைரியமுங்க!" என்று மெச்சுகிறார்கள். மெச்சட்டும், தின்றது அவள்தான். ஆனால் தட்டை எடுத்து வைத்தவன் யார்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.