முன்னால் போன பை

கெந்திங் மலைக்குப் போகும் பஸ் ராகு காலத்தில் புறப்படுகிறது. அதனால் என் மனைவி நல்ல நேரத்திலேயே பையைப் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவிடம் கொடுத்துவிட்டாள். பை வாசலைத் தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாம்!

இப்போது அக்கா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. டிக்கெட், பிள்ளைகளின் கம்பளிச் சட்டை எல்லாம் உள்ளே. சுங்கை பினாங் அடுக்குமாடிக்குக் கீழே டாக்சிக்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். மலைமேல் இருக்கும் பூங்காவில் ராட்டினம் ஏற ஆசைப்பட்ட சின்னவள் படிக்கட்டில் புரண்டு அழுகிறாள்.

ஒருவழியாக அக்கா மூச்சு வாங்கப் படியேறி வருகிறார்.

"எங்கக்கா போனீங்க? பஸ் போயிருச்சு!"

"கோவிச்சுக்காத தம்பி. நீங்க நல்லபடியா போய்ச் சேரணும்னு கோயில்ல அர்ச்சனை பண்ணப் போனேன் லா."

நெற்றியில் திருநீறு பூசக் கையை நீட்டுகிறார். திட்டத் திறந்த வாயை மூடி, கண்ணையும் மூடிக்கொள்கிறேன்.