ஒட்டகத்தின் வெள்ளைக் கோடு

ஹெர்பர்ட் ஓல்ட்ராய்டின் கை நடுங்குகிறது என்று பேட்லி ஊருக்குள் எவனாவது சொல்லியிருந்தால், சொன்னவனைத்தான் ஜனங்கள் மேலும் கீழும் பார்த்திருப்பார்கள். கையென்றால் அது கை. பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏணியைத் தோளில் தூக்கியவர். அந்த ஒற்றை ஏணியிலிருந்து மூன்று லாரி ஓடும் கூரைக் கம்பெனி வரைக்கும் ஏறிவந்தது யார் தயவிலும் இல்லை. மாதா கோயில் கூரை உச்சியில் ஒரு கையில் ஓடும் மறு கையில் டீயுமாக நின்றவர், ஒரு சொட்டு சிந்தியதில்லை. இதை அவரே சொல்லக் கேட்காத ஆள் அந்த ஊரில் கிடையாது.

அந்தக் கைதான் இப்போது நடுங்கியது.

கம்பெனியை மகனிடம் விட்டபிறகு ஹெர்பர்ட் பிடித்துக்கொண்டது குட்டி விமான வேலை. அந்த வருஷம் எடுத்தது சாப்வித் கேமல். முதல் உலகப் போரில் பறந்த இரட்டை இறக்கைச் சண்டை விமானம். துப்பாக்கிகளை மூடி முதுகில் ஒரு திமில் புடைத்திருப்பதால் ஒட்டகம் என்றே பேர் வந்துவிட்டது. நிஜத்தில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து பறந்ததை, உள்ளங்கையில் உட்காரும்படி செய்ய வேண்டும். இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே இழுத்துக்கட்டிய கம்பிகள்தான் உயிரை வாங்கும். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகும் நேரம் பார்த்து இழுத்தால் தலைமுடி போல நீளும். அதை வெட்டி ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். பசை ஒரு பொட்டு அதிகமானால் போச்சு.

இந்த வேலைக்காக வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் இடம் ஒழித்தார். அங்கே ஏற்கனவே மனைவி மேவிஸ் ஆசைப்பட்டு வாங்கிய பெரிய ஃபிரீசர் பெட்டி நின்றது. அரை ஆடும் தோட்டத்து அவரையும் அதற்குள் கிடந்தன. அதைக் கொண்டுவந்த ஆட்களை ஹெர்பர்ட் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். "நாற்பது வருஷம் கூரை போட்டவனுக்கு ஒரு பெட்டிய எங்க வைக்கணும்னு தெரியாதா?" தன் மேசையின் கால் ஆடியதும் அதற்கும் அவரே வழி கண்டார். மேசையையும் ஃபிரீசரையும் சேர்த்து இரும்புப் பட்டை போட்டு, யானை முட்டினாலும் அசையாதபடி முடுக்கிவிட்டார்.

இறக்கை ஒட்டும் வரை சரியாகத்தான் போனது. மேலே பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், அடியில் வெண்ணெய் நிறம், அதெல்லாம் அடித்தாயிற்று. சிவப்பு, வெள்ளை, நீல அடையாள வட்டங்களின் ஓரத்துக்கு நுனித் தூரிகையை எடுத்தபோதுதான் முதலில் பார்த்தார். முடிபோல இருக்க வேண்டிய கோடு, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி நெளிந்திருந்தது.

தூரிகையைத் திட்டினார். புதுசு வாங்கினார். பெயின்ட்டைத் திட்டினார். அடுத்த நாள் கோடு ஊசி பிடித்த மாதிரி வந்தது. அதற்கு மறுநாள் மறுபடி நெளிந்தது. ஒரே நாளில் அரை மணி நன்றாக இருந்து, அடுத்த அரை மணி நடுங்கும். அவர் அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. நாளுக்கு ஒரு மாதிரி, வேளைக்கு ஒரு மாதிரி. கடைசியில் சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட வேண்டியதாயிற்று.

மேவிஸிடம் சொல்லவில்லை. சமையலறையில் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி ரோஸ்ட்டை அறுப்பது கல்யாணமான நாள்முதல் அவர் வேலை. அந்தக் கத்தியை வேறு யாரும் தொடக்கூடாது. அந்த ஞாயிறு, தட்டையும் கத்தியையும் அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே அறு, கண்ணு. தோள்பட்டை பிடிச்சிருக்கு."

மேவிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கத்தியை எடுத்துக்கொண்டாள்.

விமானத்தில் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: வட்டத்துக்குப் பின்னால் உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. இரண்டு தடவை போட்டு இரண்டு தடவையும் துடைத்துவிட்டார். டேப் ஒட்டி அடித்திருக்கலாம். டேப் சோம்பேறிக்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் எப்படி ஒட்டுவார்?

அதைவிடப் பெரிய இடி கிளப்பில் காத்திருந்தது. குட்டி விமானமும் கப்பலும் செய்பவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் தேவாலயத்தின் பின்னறையில் கூடும் கிளப் அது. அங்கே ஒரு வழக்கம். மாவட்டக் கண்காட்சிக்குப் போகும் எந்த விமானமும் கடைசித் தீற்றலை எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்துத்தான் வாங்க வேண்டும். ஒரு காலத்தில் ஒருத்தன், மச்சான் செய்த கப்பலைத் தன்னுடையது என்று கொண்டுபோய்க் கோப்பை வாங்கிவிட்டான். அந்த மானக்கேட்டுக்குப் பிறகு வந்த ஏற்பாடு.

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். போகாவிட்டால் வால்ட்டர் சக்லிஃப் என்ன சொல்வான் என்றும் யோசித்தார். போனார்.

வால்ட்டர் பஸ் ஓட்டி ரிட்டையரானவன். வாயும் பஸ் மாதிரி, நிற்கவே நிற்காது.

"வாய்யா மேஸ்திரி! என்ன, விமானத்துக்கும் ஓடு போட்டுட்டியா?"

"உன் பஸ்ஸவிட லேசா பறக்கும். தள்ளி நில்லு."

"பறக்கறது இருக்கட்டும். அந்த வெள்ளக் கோடு எங்க? வட்டத்துக்கு அப்பால மொட்டையா கெடக்கு."

"உன் கண்ணு முன்னாடி போடத்தான் வச்சிருக்கேன்."

"போடு, பாக்கலாம். விரலப் பாருங்கப்பா, ஒவ்வொண்ணும் பன்னி சாசேஜ் மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹெர்பர்ட் உட்கார்ந்தார். விமானத்தை இடது கையில் பிடித்து, தூரிகையை வெள்ளையில் தொட்டார். அப்பாவின் சட்டைப் பொத்தான்தான் கண்ணுக்குள் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தூரிகையை வைத்தார். கோடு ஓடியது. உடம்பைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தது. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று அவருக்கே தெரியவில்லை.

வால்ட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தான்.

"சரிதான்யா," என்றான் கடைசியில். "சாசேஜுக்கு டீ நான் வாங்கறேன்."

ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஹெர்பர்ட்டுக்கு நிம்மதி இல்லை. கை நன்றாக இருந்த வேளையாகப் போனதால் தப்பித்துவிட்டோம், அவ்வளவுதான் என்று நினைத்தார்.

மறுநாள் காலை ஷெட்டில் உட்கார்ந்து ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் கோடு போட்டுப் பார்த்தார். நேர்க்கோடு. இன்னொன்று. அதுவும் நேர். மூன்றாவது பாதியில் பக்கத்தில் 'குர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. கோடு நெளிந்தது.

தூரிகையைக் கீழே வைத்தார். கையை மடியில் போட்டுக்கொண்டார். தூரிகை கழுவும் எண்ணெய் ஒரு ஜாம் பாட்டில் மூடியில் இருந்தது. அதில் வட்டம் வட்டமாக அலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.

எழுந்துபோய் ஃபிரீசர் சுவிட்சை அணைத்தார். அலை நின்றது. போட்டார். அலை வந்தது. அணைத்தார். நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி இதையே செய்துகொண்டிருந்தவர், கடைசியில் தான் முடுக்கிய இரும்புப் பட்டையைக் குனிந்து பார்த்தார். யானை முட்டினாலும் அசையாது. ஃபிரீசர் அசைந்தால் மட்டும் கூடவே அசையும்.

"மேவிஸ்!"

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சு? விழுந்துட்டியா?"

"என் கை இல்ல! ஃபிரீசர்! ஃபிரீசர்தான் நடுங்குது!"

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அங்கிருந்த பெயின்ட் டப்பாப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பா மாதிரின்னு நெனச்சியா?"

"நீ?"

"கத்தியத் தள்ளினியே, அன்னிக்கே தெரியும். வியாழக்கெழமைக்கு டாக்டர்கிட்ட உனக்கு நேரம் வாங்கி வச்சிருக்கேன். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல." கண்ணை ஏப்ரனில் ஒற்றிக்கொண்டு, அதே மூச்சில் சிரித்தாள். "பெட்டி கொண்டுவந்த பசங்க ஆடாம வச்சிருந்தா இந்தக் கூத்தே இல்ல. ஐயாதான் எல்லாம் தெரிஞ்சவரு!"

"பட்டை நல்லா முடுக்கியிருக்கேனா இல்லையா, அதச் சொல்லு. வேற எவன் முடுக்கினாலும் இப்படி ஒட்டுமொத்தமா ஆடுமா?"

"கடவுளே, இதுக்குமா பெருமை!"

பட்டையை அன்றைக்கே கழற்றினார். டாக்டர் வீட்டுக்குப் போன் பண்ணி அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னாள் மேவிஸ்.

ஞாயிறு வந்தது. ரோஸ்ட் மேசைக்கு வந்ததும் ஹெர்பர்ட் கத்திக்குக் கையை நீட்டினார். துண்டு துண்டாக விழுந்தது இறைச்சி, ஒவ்வொன்றும் காகிதம் மாதிரி. மேவிஸ் ஒன்றை முள்கரண்டியில் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏன் ஹெர்பர்ட், இதுக்குப் பின்னால தோட்டமே தெரியுதே. கொஞ்சம் கனமாத்தான் அறுக்கறது! பசிக்குது."

"கை நடுங்காம இருக்குல்ல," என்றார் அவர், இன்னும் மெல்லிசாக ஒன்றை அறுத்தபடி.