முள்ளிப்பட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

காலை 9.10. வேலூர் பேருந்து நிலையத்தில் ஆரணி வண்டி புறப்படத் தயாராக நின்றது. டிக்கெட் நாற்பது ரூபாய், தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னல் ஓரம் கிடைத்ததில் எனக்குச் சின்ன சந்தோஷம். அறுபத்தாறு வயதில் இதற்கெல்லாம் சந்தோஷப்படுவது வெட்கம்தான், ஆனாலும் பட்டேன்.

நான் டாக்டர். நாற்பது வருடமாகச் சர்க்கரை நோயை ஆராய்வதே என் பிழைப்பு. வரும் வெள்ளிக்கிழமை சென்னையில் எனக்கு வாழ்நாள் விருது தருகிறார்கள். மேடையில் அரை மணி நேரம் பேச வேண்டும். என் பேச்சுகளில் நான் காட்டும் முதல் படம் எப்போதும் ஒன்றேதான்: ரத்தம் எடுக்க நீட்டிய ஒரு நெசவாளியின் இடது கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் முள்ளிப்பட்டு ஏகாம்பரம். அவரையே மேடைக்கு அழைத்து வந்தால் நன்றாக இருக்கும் என்று விழாக்காரர்களிடம் சொன்னது நான். சொன்ன பிறகுதான் உறைத்தது, அவரைப் பார்த்துப் பதினாறு வருடம் ஆகிவிட்டது என்று.

9.50. கண்ணமங்கலம். வண்டி பத்து நிமிடம் நின்றது. பக்கத்தில் ஒரு அம்மா மடியில் முருங்கைக்கீரைக் கட்டுகளோடு உட்கார்ந்து என் சொத்து விவரம் தவிர எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். சர்க்கரை டாக்டர் என்றதும் தன் பாதத்தை நீட்டிக் காட்டினார். பேருந்தில் இது எனக்குப் பழக்கம்தான். பார்த்தேன். வீட்டிலும் செருப்புப் போட்டு நடக்கச் சொன்னேன்.

என் பெயர் வெளியே தெரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னால் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். நான் வேறு வழி செய்தேன். அவரவர் வீட்டில் அவரவர் அன்றாடம் சாப்பிடும் மதியச் சாப்பாட்டையே சாப்பிடட்டும், அதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுப்போம் என்றேன். அப்படி ஆரணிப் பக்கத்து நெசவாளர்களைச் சோதித்ததில் விசித்திரமான ஒன்று தெரிந்தது. காலையில் சர்க்கரை சரியாக இருந்தது. மதியத்துக்குப் பிறகு எக்கச்சக்கமாக ஏறியது. குழித்தறியில் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு இது தனி வகை என்று எழுதினேன். மதியச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்து, அதற்கு முன் ஒரு மாத்திரை போட வேண்டும் என்றும் எழுதினேன். அப்புறம் நான் ஏறாத மேடை இல்லை.

10.35. ஆரணி. பட்டுக் கடைகளும் அரிசி மண்டிகளும் முன்பைவிடப் பெருத்திருந்தன. தூசியும் அப்படியே. முள்ளிப்பட்டுக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு நூற்றைம்பதுக்கு வந்தார்.

"சேலை எடுக்கவாம்மா? நேரா நெய்யறவங்க வூட்லயே எடுக்கலாம், ஜல்தியா இட்டுகினு போறேன்" என்றார்.

"ஒருத்தரைப் பாக்கணும். ஏகாம்பரம்னு பேரு. பட்டு நெய்யறவர்."

"ஏகாம்பரமா? அவரு எங்கம்மா நெய்யறாரு? ரைஸ் மில்லுல நைட் வாட்ச்மேனு. பகல்ல வூட்லதான் இருப்பாரு."

ஆட்டோ தெருவுக்குள் திரும்பியதும் ஒரு சத்தம் காதை அடைத்தது. வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் முன்பு வந்தபோதெல்லாம் இந்தத் தெரு கோயில் பிரகாரம் மாதிரி அமைதியாக இருந்ததாக நினைவு. விசைத்தறி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எட்டிப் பார்த்த முதல் வீட்டிலேயே கைத்தறிதான் இருந்தது. காலால் மிதித்து ஒரு பெண் நெய்துகொண்டிருந்தாள்.

11.20. ஏகாம்பரம் தூங்கி எழுந்து முகம் கழுவி வந்தார். மெலிந்து போயிருந்தார். என்னைக் கண்டதும் கை கூப்பினார். அவர் மனைவி பச்சையம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கூடத்தில் தறிக்குழி இருந்த இடத்தை மண் கொட்டி மூடி, சிமெண்ட் பூசி, அதன்மேல் பிரிட்ஜ் வைத்திருந்தார்கள்.

விருது விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காரே அனுப்புகிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார், மறுக்கவும் இல்லை, மகிழவும் இல்லை. தறி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கை ஆடுதுங்க டாக்டரம்மா. மூணு மணிக்கு மேல ஒடம்பு வேர்த்து, கண்ணு இருட்டிகினு வரும். இழை அறுந்துபோவும். ரெண்டு சேலை கோணையா போச்சு. மொதலாளி நெய்யறதுக்குப் பாவு நூலு குடுக்கறத நிறுத்திட்டாரு. சக்கரை வந்தா அப்படித்தான்னு எல்லாரும் சொன்னாங்க."

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன மருந்து என்று கேட்டதும் பச்சையம்மாள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சீட்டை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு லேமினேட் செய்திருந்தார்கள். என் கையெழுத்து. பதினாறு வருடமாக ஏகாம்பரம் அதைக் காட்டித்தான் கடையில் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தார். மதியம் பாதிச் சாப்பாடு என்று நான் எழுதியதையும் ஒரு நாள் விடாமல் கடைப்பிடித்திருக்கிறார்.

"தினமும் கை ஆடுமா?"

"அமாவாசை அன்னிக்கு மட்டும் ஆடாதுங்க. அன்னிக்குச் சாயங்காலம் சட்டைக்குப் பொத்தான்கூட நானே தைப்பேன். பெரியவங்களுக்குப் படையல் போடறோம் இல்ல, அவங்க புண்ணியம்."

"அன்னிக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"காலைல பச்சைத் தண்ணியோட சரிங்க. மத்தியானம் வடை, பாயசம், ரெண்டு பொரியல்னு எலை போட்டு சாப்புடுவோம். அன்னிக்கு மட்டும் பாதின்னு எடுத்து வச்சா பெரியவங்களுக்குக் கொறை. அதான் உங்களுக்கே தெரியுமே, நீங்களும் எங்ககூட உக்காந்து சாப்ட்டீங்களே."

சாப்பிட்டேன். ஏழு முறை வந்து ஏழு முறையும் சாப்பிட்டேன். தினமும் இப்படித்தானா என்று முதல் முறையே கேட்டேன். ஆமாம் என்றார்கள்.

"அப்போ ஏன் ஆமான்னு சொன்னீங்க?" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

பச்சையம்மாள்தான் பதில் சொன்னார். "பட்டணத்துலேருந்து டாக்டருங்க வந்துகீறாங்க. மத்த நாள்ல தறிமேல உக்காந்தே கூழு குடிக்கறோம்னு எப்படிம்மா சொல்றது?"

"நாங்க எப்பவும் அமாவாசைக்கா வந்தோம்?"

"உங்க ஆளு வந்து, என்னிக்கு எல்லாரும் வூட்ல இருப்பீங்கன்னு கேட்டாரு" என்றார் ஏகாம்பரம். "அமாவாசைன்னா தறி ஓடாது, எல்லாரும் இருப்போம்னு சொன்னோம். ஏழு தபாவும் அன்னிக்குத்தான் வந்தீங்க."

ஒருவர்கூட விட்டுப்போகாமல் சோதனைக்குக் கிடைத்தார்கள் என்று அந்த ஆய்வில் பெருமையாக எழுதியிருந்தேன். தேதிகளை எழுதியிருந்தேன். அது என்ன நாள் என்று பார்க்கவில்லை. விரதம் இருந்த வயிற்றில் காலை ரத்தத்தையும், விருந்து சாப்பிட்ட வயிற்றில் மதிய ரத்தத்தையும் எடுத்துவிட்டு, அதை ஒரு தெருவின் அன்றாட வாழ்க்கை என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறேன். கூழ் குடிக்கிறவருக்கு, அந்தக் கூழையும் பாதியாக்கி, விருந்துக்கான மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன்.

பகல் 3.00. ஒரு மணிக்கு அவர் வழக்கம்போல மாத்திரை போட்டு, வழக்கம்போலப் பாதி சாப்பிட்டிருந்தார். உறுதியாகத் தெரிய வேண்டும் என்று நான் தடுக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கை ஆட ஆரம்பித்ததும் என் பையிலிருந்த கருவியில் சோதித்தேன். சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தது. பச்சையம்மாளிடம் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுத் தண்ணீர் கலக்கச் சொன்னேன். அவர் பயந்தார். சக்கரைக்காரருக்குச் சக்கரையா என்று கேட்டார். நான் அதட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது.

கால் மணி நேரத்தில் கை ஆட்டம் நின்றது. ஏகாம்பரம் இரண்டு கையையும் முன்னால் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தப்பு உங்க கையில இல்ல. நான் குடுத்த மாத்திரையில" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

"என் பொண்ணு கல்யாணச் சேலையை நானே நெய்யணும்னு இருந்தேன். கை ஆடுதுன்னு கடையில வாங்கினேன். ஆரணிக்காரரு பொண்ணுக்குக் கடைச் சேலையான்னு சம்மந்தி வூட்ல கேட்டாங்க."

இனி நெய்ய முடியுமா என்று அவர் கேட்கவில்லை. கண்ணில் புரை விழுந்திருந்ததை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

இந்தச் சீட்டு வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அதே தெருவில் இன்னும் மூன்று பேர். இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அதில் ஒருவர் பட்டப்பகலில் தறியிலேயே மயங்கிச் சாய்ந்தாராம், சர்க்கரை முற்றிவிட்டது என்றார்களாம். மூன்றாமவர் சேத்துப்பட்டில் மகள் வீட்டில் இருந்தார். போன் போட்டு, அந்த மாத்திரையை இன்றே நிறுத்தச் சொன்னேன். யார் பேசுகிறீர்கள் என்று மகள் மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறைதான் என் பெயரைச் சொன்னேன். இந்தத் தெருவுக்கு வெளியே, என் எழுத்தைப் படித்து மற்ற டாக்டர்கள் எழுதிய சீட்டுகள் எத்தனை ஊரில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

மாலை 5.15. ஏகாம்பரம் சாலை வரை வழியனுப்ப வந்தார். ஆரணிக்கு டவுன் பஸ் வரும் என்றார். காத்திருந்த நேரத்தில் விழாக்காரர்களைக் கூப்பிட்டு விருது வேண்டாம் என்றேன். அழைப்பிதழ் எல்லாம் போய்விட்டது மேடம் என்றார்கள். அப்படியானால் வருகிறேன், ஆனால் என் ஆய்வு எங்கே தவறியது என்று மட்டும்தான் பேசுவேன் என்றேன். ஏகாம்பரத்தை அந்த மேடைக்குக் கூப்பிடும் தைரியம் எனக்குப் போய்விட்டது. அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் எழுதிக் கொடுத்த புதுச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"இத லேமினேஷன் பண்ணிக்கட்டுங்களா?"

"வேண்டாம். மூணு மாசத்துல மாத்த வேண்டியிருக்கும். நானே வந்து பாத்து மாத்தறேன். அதுவரைக்கும் இந்தப் புது மாத்திரையை விடாம சாப்பிடுங்க."

"அப்பவும் இதையேதான் சொன்னீங்க டாக்டரம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. "மூணு மாசத்துல வரேன், நான் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னீங்க. நான் நிறுத்தல."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.