ஒரு பக்கம் இழுத்த டிரெய்லர்

எட்டாவதோடு படிப்பை விட்டு வொயரிங் வேலை பழகியவன் நான். பழகும்போதே ஷாக் அடித்து ஏணியிலிருந்து விழுந்தேன். அதிலிருந்து எந்தக் கம்பியைக் கண்டாலும், அது எங்காவது இரும்பைத் தொடுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் குழாய்க் கம்பெனியில் வேலை. முதலாளி ஏலத்தில் ஒரு வெளிநாட்டு டிரெய்லரை எடுத்து டிராக்டருக்குப் பின்னால் மாட்டினார். அதற்குக் கரண்ட் பிரேக். டிரைவர் சுவிட்சைத் தள்ளினால் டிராக்டர் பேட்டரியிலிருந்து கரண்ட் போய், இரண்டு சக்கரத்துக்குள்ளும் இருக்கிற காந்தம் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். இடது பக்கம் கம்பிகள் அறுந்து வந்திருந்தன. மாட்டிக் கொடுத்தது நான்தான்.

கொஞ்ச நாளில் டிரைவர் பாய் வந்து சொன்னார், ரயில்வே கேட் இறக்கத்தில் பிரேக் போட்டால் வண்டி வலது பக்கமாக இழுக்கிறது என்று. அடுத்த நடையில் டிரெய்லரின் வால் வீசி, ஒரு வரிசைக் குழாய் ரோட்டில் உருண்டு நொறுங்கியது. சைக்கிளில் வந்த ஒருவர் பள்ளத்தில் குதித்துத் தப்பினார்.

முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். "ஸ்டேரிங் புடிக்கத் தெரியாம பிரேக்கைக் குத்தம் சொல்றீங்களா பாய்? இன்னிக்கு ஸ்டேஷன் லோடுல ஒரு குழா ஒடைஞ்சாலும் சாவியைக் கொடுத்துட்டு வூட்டுக்குப் போயிடுங்க."

பாய் வண்டியைப் பார்த்து நடந்தார். நான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரங்களைச் சுற்றிவிட்டேன். பாய் சுவிட்சைத் தள்ளினார். இரண்டும் டக்கென்று நின்றன. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் பார்க்கும்போது பிடித்து, பார்க்காதபோது விட்டுவிடும் பிரேக்கை என்ன செய்வது?

"நீ காலி வண்டியைப் பாக்குறே தம்பி," என்றார் பாய். "மூட்டை தூக்காதவன் நேராத்தான் நடப்பான். ஏத்திட்டுப் பாரு."

குழாய்களை ஏற்றிய பிறகு, ஒரு பல்பில் இரண்டு வொயரைக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தேன். மேலே டன் கணக்கில் குழாய். அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்று மனசு அதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பாய் சுவிட்சைத் தள்ளினார். இடது காந்தம் வரைக்கும் கரண்ட் வந்திருந்தது. வந்த கரண்ட் டிரெய்லர் சட்டத்தின் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பிப் போகவேண்டும். திரும்பும் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே பல்பை வைத்தேன். மங்கலாக எரிந்தது. எரியவே கூடாத இடம் அது. போக வழியில்லாத கரண்ட் என் பல்பு வழியாகப் போகிறது.

அந்தக் கம்பியைச் சட்டத்தில் முடுக்கிய போல்ட்டைக் கழற்றினேன். அடியிலிருந்து வெள்ளையாக ஒரு பீங்கான் புஷ், கரண்ட்டைத் தடுக்கிற சின்ன வளையம், வந்து உள்ளங்கையில் விழுந்தது.

நான் வைத்தது. வீட்டு வொயரிங் பழக்கத்தில், கம்பி இரும்பைத் தொடுகிறதே, பாய்க்கு ஷாக் அடித்துவிடுமே என்று பயந்து வைத்தது; பேட்டரி கரண்ட் அப்படி அடிக்காது என்று அப்போது தோன்றவில்லை. எங்கள் ஊரில் கம்பியைத் தொடுகிறவன் சட்டைப் பையில் பீங்கான் எப்போதும் கிடக்கும். காலியாக இருக்கும்போது போல்ட்டின் முனை எங்கோ சட்டத்தில் உரசியிருக்கிறது. லோடு ஏறிச் சட்டம் வளைந்ததும் அந்த உரசலும் விட்டிருக்கிறது. வலது பக்கமும் ஒன்று வைக்கத்தான் நினைத்தேன். அன்றைக்குப் பையில் ஒன்றுதான் இருந்தது. இரண்டு இருந்திருந்தால்?

"பாய், தப்பு என்னுதுங்க," என்றேன்.

அவர் புஷ்ஷை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு, என்னை ரயிலுக்கு முன்னால தள்ளப் பாத்தியாடா!" என்று சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "மொதலாளிகிட்ட யாரு சொல்றது?"

நான்தான் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோய், புஷ்ஷை மேஜைமேல் வைத்து, "பாய் மேல தப்பில்லைங்க, இது என் வேலைங்க," என்று மட்டும் சொன்னேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார்.

"அப்ப லோடோட நீயும் போ. ஒடைஞ்சா ரெண்டு பேரும் வராதீங்க."

இரும்பைச் சுரண்டி, கம்பியை வெறுமனே வைத்து முடுக்கினேன். பாய்க்குப் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்தேன். இறக்கம் வந்தது. கேட் மூடியிருந்தது. பாய் சுவிட்சைத் தள்ளினார். பின்னால் குழாய்கள் ஒன்றோடொன்று முனகின.

"கண்ணைத் தொறந்து பாரு தம்பி," என்றார் பாய். "நேராத்தான் நிக்குது."

திறந்து பார்த்தேன். இறங்கிப் போய் இடது சக்கரத்தைத் தொட்டும் பார்த்தேன்; பிரேக் பிடித்த சூடு இருந்தது.