தப்ரேஸ் பாயின் லோக்கல் வேலை

தப்ரேஸ் பாய்க்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பது வருஷம் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்தே போய்விட்டது. ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகிற சாலையில் வேன்களுக்குப் பாடி கட்டும் ஷெட் அவருடையது. அதை ஒட்டினாற்போல் நான் சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு யாரையும் புகழ்ந்து பேசுகிற வழக்கம் கிடையாது. பெண்டாட்டி சமையலையே சுமார் என்பேன். ஆனால் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், பார்ப்பதில் பாயை மிஞ்ச இந்தப் பக்கம் ஆளில்லை. பழைய வேன் வாங்குகிறவன் முதலில் பாயிடம் காட்டுவான், அப்புறம்தான் அதற்கு மாலை போடுவான்.

இந்த வருஷம் அவருக்கு எல்லாமே அலுத்துவிட்டது. முட்டி மடங்கவில்லை. வெல்டிங் வெளிச்சம் தின்ற கண்ணில் எந்நேரமும் தண்ணீர். "இந்த ஒரு வண்டிய கட்டிக் குட்த்துட்டு ஷட்டர இறக்கிட்றேன் மாமே" என்று என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்த ஒரு வண்டி, கிஷோர், நிஷா என்கிற கொரட்டூர் தம்பதியுடையது. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு லடாக் வரைக்கும் ஒரு வருஷம் சுற்றப் போகிறார்களாம். வாடகை வீட்டைக் காலி செய்வதாகக்கூடச் சொல்லிவிட்டார்கள். வண்டியை மட்டும் இன்னும் வாங்கவில்லை. மண்டபம் பிடித்துவிட்டுப் பெண் தேடுகிற கதைதான்.

சனிக்கிழமைக்கு ஒரு வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். பாய் சேசிஸின் நான்கு மூலையிலும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைப்பார். வண்டியை நகர்த்திவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடிப்பார். இரண்டு நூலும் ஒரே அளவு வந்தால் சேசிஸ் நேர். வராவிட்டால் எங்கேயோ அடிபட்ட வண்டி. இதற்கே அரை நாள் ஆகிவிடும்.

முதல் வண்டிக்குத் தனி சேசிஸே கிடையாது. "மேடு பள்ளத்துல பொட்டி முறுக்கிக்கும் நைனா. கதவு சாத்தாது" என்றார் பாய். இரண்டாவதில் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளம் அதிகம். "தொட்டி, பேட்டரி, சாமான் அத்தினியும் பின்னாடி குந்திகினா, மலை ஏறசொல்ல முன்சக்கரம் ரோட்ட தொடாது." மூன்றாவது, ஒரு கம்பெனி ஸ்டாஃப் வண்டி. சேசிஸில் அப்பழுக்கில்லை. ஆனால் கூரை தாழ்வு. "குனிஞ்சுகிட்டே சமைக்கவா வேலைய விட்டேன்?" என்று கேட்டாள் நிஷா. நியாயமான கேள்விதான். நான்காவதிலிருந்து ஆறாவது வரை எனக்கு ஞாபகமில்லை. எல்லாம் துருவும் முறுக்கலும். ஆறு சனிக்கிழமையில் பாய்க்கு இன்னும் ஆறு வயது கூடிப்போனது.

ஏழாவது வண்டி வெள்ளை நிறம், நல்ல நீளம், உயர்ந்த கூரை. நிஷா உள்ளே நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நூல் அளவும் கனகச்சிதமாக வந்தது. கிஷோர் அங்கேயே நின்று போனில் மெத்தை பார்க்க ஆரம்பித்துவிட்டான். பாய் உளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கடைசியாக ஒரு தடவை வண்டிக்கு அடியில் போனார். போனவர் வெளியே வரவில்லை.

நான் போய்க் குனிந்தேன். "இன்னா பாய், தூங்கிட்டியா?"

"உள்ள வா மாமே."

பின் அச்சுக்குப் பின்னால் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டியிருந்தார். உள்ளே ஒரு ஒட்டுத் தகடு. அதன் விளிம்பில் வெல்டிங். ஒவ்வொரு வரியையும் முடிக்கும்போது இடது பக்கமாக ஒரு சின்ன இழுப்பு. அது பாயின் கை. இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் வெள்ளத்தில், அம்பத்தூரில் மூன்று நாள் தண்ணீரில் நின்ற நான்கு வேன்களை ஒரு புரோக்கர் கொண்டுவந்தான். எங்கள் தொழிலில் வேலை இரண்டு வகை. லாங் வேலை என்றால் விரிசல் விட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைப்போம். லோக்கல் வேலை என்றால் விரிசல் மேலேயே ஒரு தகட்டை ஒட்டிப் பெயின்ட் அடித்துவிடுவோம். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஓடுகிற வண்டிக்கு அது போதும் என்பது எங்கள் சாஸ்திரம். "லோக்கல்லதானே பாய் ஓடப் போவுது" என்றான் புரோக்கர். பாய் நான்குக்கும் லோக்கல் வேலை செய்தார். நானும் யோக்கியன் இல்லை. ஊறிப்போன ஸ்பான்ஜ் மேலேயே புது ரெக்சின் தைத்துக் கொடுத்தேன்.

"கூரை ஒழுகுதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடு பாய்" என்று காதோடு சொன்னேன். "முப்பது வருஷத்துப் பேரு. ஒரே வார்த்தையில போயிடும்."

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் சொல்லிக் கொடுத்ததையே சொன்னார். நிஷா உடனே, "அவ்ளோதானா பாய்? ஒழுகுறத அடைச்சிக்கலாம். இதையே வாங்கிடலாம்" என்றாள். பாய் டார்ச்சை அணைத்தார்.

"வேணாம்மா. சேசிஸ் விரிசல். மேல தகடு ஒட்டி மூடிக்கீது. ஒட்டினது நான்தான்."

கிஷோர் போனைக் கீழே இறக்கினான். "தெரிஞ்சே பண்ணீங்களா?"

"தெரிஞ்சேதான். லோக்கல்னு சொன்னாங்க. நானும் அதுக்கு மேல கேக்கல. அப்ப அதான் சௌகரியமா இருந்திச்சு."

"இதே மாதிரி வேற வண்டி இருக்கா பாய்?" என்று கேட்டாள் நிஷா.

"இன்னும் மூணு. ஒண்ணு பூந்தமல்லில டீக்கடையா நிக்கிது. ஒண்ணு செம்பரம்பாக்கம் குடோன்ல கெடக்குது. ஒண்ணு..." என்று நிறுத்தினார். அது எங்கே ஓடுகிறது என்று எனக்கும் தெரியும். பள்ளிக்கூட வண்டி. அதைவிட லோக்கல் என்ன இருக்கிறது?

நிஷா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாயே மறுபடி பேசினார். "நீங்க மூணாவதா கொண்டாந்த கம்பெனி வண்டிய எடுத்துக்குங்க. கூரைய அறுத்து ஏத்திக்கலாம், எந்தக் கொல்லனும் செய்வான். சேசிஸ் மட்டும் கெட்டுதுன்னா வழியில ஒருத்தனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது." அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே போய்க் கட்டிக்கொண்டார்களோ, இதுவரை திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பாய் என் கடை வாசலில் வந்து நின்றார். ஸ்கூட்டரை எடு என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரும் கேக்காதப்ப நாமளே போய்த் தலைய குடுக்கணுமா?" என்று கத்தினேன். அவர் பாட்டுக்குப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மஞ்சள் வேன் வாசலில் நின்றது. டிரைவர் வீராசாமி எங்களுக்குத் தெரிந்தவன்தான். "வா பாய், இன்னா இந்தப் பக்கம்?" என்று சிரித்தான். பாய் சட்டைப்பையிலிருந்து உளியை எடுத்துக்கொண்டு தார்ச் சாலையில் படுத்து அடியில் நகர்ந்தார். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தார்கள். அழைத்துப் போக வந்திருந்த அம்மாக்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதில் பாதிப்பேர் வீட்டு ஆட்டோவும் வேனும் எங்கள் ஷெட்டுக்கு வந்து போனவை.

வெளியே வந்த பாயால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன். உள்ளங்கையில் துருவும் பெயின்ட் செதிலுமாக இருந்தது.

"தகடு விட்டுப் போச்சு வீராசாமி. விரிசல்ல விரல் நுழையுது."

வீராசாமி குனிந்து பார்த்தான். முகம் மாறிவிட்டது. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கத்தினான். "எந்தப் பாவி பாய் இந்த வேலைய செஞ்சான்? உள்ள முப்பது புள்ளைங்க போவுது!"

"நான்தான் செஞ்சேன்" என்றார் தப்ரேஸ் பாய். "புள்ளைங்கள எறக்கு."