ஒருத்தி வாய் திறக்கக் காத்திருந்தோம்

ஜப்பான்காரன் காலத்தில், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. மலாய் நாட்டுக் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நானும் என் கணவரும் வேலை செய்தோம். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஓடிவிட்டார். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். நட்டு வளர்த்தால் அதையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது எதைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான். வயிறு காய்ந்தவளுக்கு வேறென்ன வரும்.

ஒரு காலையில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது கங்காணி என் பக்கத்தில் வந்து நின்றார். வேறெங்கோ பார்த்துக்கொண்டே பேசினார்.

“நாளைக்கு லோரி வருது தாயி. சயாமுக்கு ஆளு ஏத்துறானுங்க. ஒம்புருசன் பேரையும் கணக்கெழுதுற கிராணி சொல்லிட்டாரு. இன்னிக்கே எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிரு.”

சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை தோட்டத்து ஆட்கள் குடியிருந்த எங்கள் லயத்துக்குத் திரும்பி வந்ததில்லை. களை வெட்டுவதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் கணவரோ, கொல்லையில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “ஏன் புள்ள பதறுற? காட்டுல நம்ம கூட்டாளி இருக்கான்லா” என்றார்.

அவர் சொன்ன கூட்டாளி, தோட்டத்துக்கு அப்பால் காட்டில் வாழ்ந்த பூர்வகுடி ஆள். அவர்களை நாங்கள் அப்போது சக்காய் என்றுதான் சொல்வோம். அது கேவலமான வார்த்தை என்று ரொம்பக் காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் தங்களைச் செமாய் என்று சொல்லிக்கொள்வார்கள். இந்த மனிதர் தேனும் பெத்தாய் என்கிற காட்டுக் கொட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உப்பும் புகையிலையும் வாங்கிப்போவார். சந்தை மலாய் பேசுவார். என் கணவருக்கும் அவருக்கும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

அன்று மத்தியானமே தோட்டத்தின் எல்லையைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறினோம். அட்டைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே நடந்து, பொழுது சாய்வதற்குள் அவர்கள் குடியிருப்பை அடைந்துவிட்டோம். சரிவில் மூங்கில் வீடுகள், சுற்றிலும் மலைநெல்லும் மரவள்ளியும். கூட்டாளி எங்களைக் கண்டதும் எதுவும் கேட்கவில்லை. சோறு வெந்த மூங்கில் குழாயைப் பிளந்து எங்கள் முன் வைத்தார். அரிசிச் சோறு. சாப்பிட்டு முடித்ததும் நான் கேட்டேன். “எங்கள எங்க ஒளிச்சு வைப்பீங்க?”

“நந்தி” என்றார்.

மலாயில் அதற்குப் பொறு, பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும். சிவன் கோயில் நந்தி மாதிரி இவர்களும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழமாட்டார்களோ என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் எல்லாரும் பெரிய வீட்டில் கூடினார்கள். எங்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேசத்தான். பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். அவர் கட்டளை எதுவும் போடவில்லை. ஆளாளுக்குத் தங்கள் மொழியில் பேசினார்கள், கூட்டாளி அவ்வப்போது எனக்கு மலாயில் சொன்னார். ஒருவர் பேசி முடித்ததும் அதையே இன்னொருவர் முதலிலிருந்து பேசினார். கிழவிகள் பேசினார்கள், இளவட்டங்கள் பேசினார்கள். நடுவில் எழுந்து போய் மரவள்ளி சுட்டுத் தின்றுவிட்டு வந்து மறுபடி பேசினார்கள். தோட்டத்துக்கு லோரி வந்து போயிருக்கும் நேரமும் கடந்துவிட்டது. இந்நேரம் என் கணவரைத் தேட ஆரம்பித்திருப்பார்கள்.

அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் நாலைந்து பேருக்கு நடுவே உட்கார்ந்து, மூக்கால் ஊதும் மூங்கில் குழலைப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை, தும்மல்தான் வந்தது. அவர்கள் சிரிக்க, அவரும் சேர்ந்து சிரித்தார். இந்த மனுஷனுக்காகவா அட்டைக் கடி பட்டேன் என்று இருந்தது.

“எல்லாம் சரின்னுதானே சொல்றாங்க? இன்னும் என்ன பேச்சு?” என்று கூட்டாளியிடம் கேட்டேன்.

அவர் கண்ணால் ஒரு பெண்ணைக் காட்டினார். என் வயதுதான் இருக்கும். மடியில் பச்சைப் பிள்ளை. முகத்தில் சிவப்புச் சாந்தால் கோடும் புள்ளியும் இட்டிருந்தாள். தாழை ஓலையைக் கிழித்து ஒரு பை பின்னிக்கொண்டிருந்தாள். கறுப்பும் வெளுப்புமாக, முக்கோணத்துக்குள் முக்கோணம் போகிற பின்னல். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரம் கோணினால் பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னினாள். அத்தனை பேரும் அவள் பேசக் காத்திருந்தார்கள். யாரும் அவளைக் கேட்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

அன்று முழுதும் அப்படியே போனது. அடுத்த நாளும் கூடினார்கள். அவள் மறுபடி ஓரத்தைப் பிரித்தபோது என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, தமிழும் மலாயுமாகக் கத்திவிட்டேன். “அந்தப் பொம்பளைக்கு வாய் இல்லையா? வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். நாங்க வேற வழி பாக்குறோம்லா.”

யாரும் என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டு தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். என் கணவர்கூட ஊதுவதை நிறுத்திவிட்டார். கூட்டாளி என்னை வெளியே அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார். “அவளுக்குப் பயம். நீ சத்தம் போட்டா இன்னும் பயம். பயந்தவள விட்டுட்டு நாங்க முடிவு எடுக்க மாட்டோம்.”

நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

வெயில் உச்சிக்கு வந்தபோது உள்ளே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. கொஞ்சமாகத்தான் பேசினாள். கூட்டாளி எனக்குச் சொன்னார். சிப்பாய்கள் வந்து அவள் பிள்ளையைத் தொட்டால், தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவாளாம். அவளால் பொறுக்க முடியாதாம். அதனால் எங்களைத் தங்க வைக்கலாம், ஆனால் எங்கே என்று அவளுக்குத் தெரியக்கூடாது. அவளைப் போலப் பயப்படுகிறவர்கள் யாருக்குமே தெரியக்கூடாது.

எல்லாரும் முனகிக்கொண்டே தலையாட்டினார்கள். யார் யாருக்குத் தெரியலாம் என்று அடுத்த பேச்சு ஆரம்பித்தது. நல்லவேளை, அது சீக்கிரம் முடிந்தது. கூட்டாளியும் அவர் மைத்துனரும் மட்டும் போதும் என்று ஆனது. மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்க, அந்த இருவரும் எங்களை ஓடை வழியாகவே நடத்திக்கொண்டு போய், மேலே, முன்பு நெல் விதைத்துக் கைவிட்ட பழைய புனம் ஒன்றின் குடிசையில் விட்டார்கள்.

சில நாள் கழித்துச் சிப்பாய்கள் வந்தார்கள். கூட எங்கள் கிராணியும் வந்தாராம். பெரியவரைக் கன்னத்தில் அறைந்தார்கள். கோழிகளையெல்லாம் பிடித்தார்கள். நெல் வைத்திருந்த குடிசைக்குத் தீ வைத்தார்கள். மற்றவர்கள் காட்டுக்குள் ஓடிவிட, பிள்ளையோடு ஓட முடியாமல் அகப்பட்டவள் அந்தப் பெண்தான். பிள்ளையைப் பிடுங்கிக் கையில் தூக்கிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். தோட்டத்து ஆள் எங்கே?

தெரியாது என்று அழுதிருக்கிறாள். அது பொய்யில்லையே. திரும்பத் திரும்பக் கேட்டும் அதையேதான் சொன்னாளாம். கிராணியே கடைசியில், “இதுக்கு ஒண்ணும் தெரியாது” என்று சிப்பாய்களிடம் சொன்னாராம். பிள்ளையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கூட்டாளிதான் வந்து இதையெல்லாம் சொன்னார். அவசரத்தில் என் பேச்சைக் கேட்டு அவளை மீறி முடிவு செய்திருந்தால், எங்களைப் பெரிய வீட்டுப் பரணில்தான் வைத்திருப்பார்கள். அது அவளுக்கும் தெரிந்திருக்கும், பிள்ளைக்காகச் சொல்லியும் இருப்பாள்.

அந்த இடத்தை விட்டு எல்லாரும் உள்காட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்கும் ஒரு கூட்டம் போட்டார்கள், கேட்கவே வேண்டாம். போகிற வழியில் அவளைக் கண்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரிமா காசி” என்று மலாயில் நன்றி சொன்னேன். சட்டென்று கையை உருவிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டாள். எனக்கு மறுபடி எரிச்சல். நன்றி சொன்னால்கூடக் குற்றமா?

“குற்றந்தான்” என்றார் கூட்டாளி. “நன்றி சொன்னா, அவ எவ்வளவு குடுப்பான்னு நீ அளந்து பாத்துக்கிட்டு இருந்தேன்னு ஆகும். இருக்கறத எல்லாரும் பங்கு போட்டுக்கிறோம். இதுல சொல்ல என்ன இருக்கு?”

எரிந்துபோன நெல்லைப் பற்றி அங்கே ஒருவரும் எங்களிடம் பேசவில்லை. கிடைத்த கிழங்கில் எங்களுக்கும் ஒரு பங்கு எப்போதும் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் போகும்வரை அவர்களோடுதான் இருந்தோம். கடைசிவரை அவர்களுடைய பேச்சும் பொறுமையும் எனக்குப் பழகவில்லை. என் கணவர் மட்டும் குழல் ஊதக் கற்றுக்கொண்டார். நான் ஒருவழியாகக் காதைப் பொத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டேன்.

பிறகு தோட்டத்துக்கு வந்தோம், பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். வீட்டில் எந்த நல்லது கெட்டதைப் பேச உட்கார்ந்தாலும் சீக்கிரம் முடியுங்கள் என்று முதலில் கத்துகிறவள் இன்றைக்கும் நான்தான். ஆனால் எல்லாரும் சரி என்று எழுந்திருக்கும்போது, அங்கே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தேடிப் பார்த்து, அவர் பேசும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் எனக்கு உயிரோடு கிடைத்தது அப்படி ஒருத்திக்காகக் காத்திருந்ததால்தானே.